'பாஸ்' வேறு, 'கிரெடிட்' வேறு: மலாயாப் பல்கலைக்கழக வாசலும் நம் பிள்ளைகளும்



சில ஆண்டுகளுக்கு முன் எஸ்.பி.எம். முடிவு வந்த நாளில் என் மாணவி ஒருத்தி அப்பாவோடு பள்ளிக்கு வந்தாள். தமிழ்மொழியில் ஏ. தமிழ் இலக்கியத்திலும் ஏ. நான் துள்ளிக் குதிக்காத குறை. அப்பா கையில் ஒரு பை நிறைய லட்டு. கிள்ளானில் லாரி ஓட்டுகிறவர், அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"டீச்சர், இனிமே யுனிவர்சிட்டிதான்" என்றார்.

முடிவுத்தாளை வாங்கி முழுசாகப் பார்த்தேன். மலாய்மொழிக்கு நேராக 'டி' என்று இருந்தது.

"பாஸ்தானே டீச்சர்? ஃபெயில் இல்லையே?" என்று அவர் கேட்டார். ஆமாம், பாஸ்தான். சான்றிதழும் கிடைக்கும். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு மலாய்மொழியில் கிரெடிட், அதாவது குறைந்தது 'சி' வேண்டும். டி-க்கும் சி-க்கும் நடுவில் ஒரே ஒரு படிதான். அந்த ஒரு படி என்ன செய்யும் என்பதை லட்டுப் பையோடு நின்ற மனிதரிடம் நான் விளக்க வேண்டியிருந்தது.

இரண்டு வருடம் அவளுக்கு நான்தான் தமிழ் டீச்சர். என் பாடத்தில் அவள் எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்ற பாடங்களில் அவள் எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. "அது அந்தந்த டீச்சர் வேலை" என்று இருந்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகச் சேர்க்கை விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்றைய விதியைத் தேடப் போனவளுக்கு நூறு வருட வரலாறு கிடைத்தது. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. இந்த வாசலின் பூட்டு பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எந்தச் சாவி வேண்டும் என்பது நம் வீடுகளுக்குக் கடைசியாகத்தான் தெரிந்திருக்கிறது. அந்தக் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஒரே ஊர், இரண்டு தூரம்

பிரிக்பீல்ட்ஸுக்குப் பக்கத்திலுள்ள கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் பங்சார், அப்துல்லா ஹூக்கும், கெரிஞ்சி, அதற்கடுத்து 'யுனிவர்சிட்டி'. நான்காவது நிறுத்தத்தில் இறங்கினால் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பக்கம் வந்துவிடலாம். வரைபடத்தில் இவ்வளவு பக்கம். ஆனால் அந்தத் தூரம் எல்லாத் தமிழருக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊர். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்து வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பலர் வந்தார்கள். அங்கே மிஷனரிப் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். வந்த இடத்திலும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார்கள். 1893-இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், 1897-இல் தொடங்கிய மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி எல்லாம் கோலாலம்பூரிலேயே இருந்தன. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் 1904-லேயே நிறுவப்பட்டது. படிப்பு அந்தச் சமூகத்தின் முதலீடு.

அங்கிருந்து மேற்கே கிள்ளான் பக்கம் வாருங்கள். ரப்பர் தோட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர்கள். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி வைக்கவேண்டும். பள்ளி வைத்தார்கள். ஆனால் அது தமிழில், தொடக்கநிலை மட்டும். பல இடங்களில் நாலாம் வகுப்போடு சரி. அதற்கு மேலே படிக்கவேண்டும் என்றால் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். கிராணியார் பிள்ளை போகும். வெட்டுக்காரர் பிள்ளை பால்வாளி தூக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், அன்றைய உயர்கல்வியின் பூட்டு ஆங்கிலம். 1905-இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. பிறகு அதுவே ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி ஆனது. 1928-இல் ராஃபிள்ஸ் கல்லூரி வந்தது. இரண்டையும் இணைத்து 1949 அக்டோபர் 8-ஆம் தேதி மலாயாப் பல்கலைக்கழகத்தை உருவாக்கினார்கள். பாடம் முழுக்க ஆங்கிலம். ஆங்கிலப் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதி, அதற்கு மேல் பல்கலைக்கழக முந்தைய வகுப்பையும் முடித்தவர்களுக்கே அந்த வாசல் எட்டியது. பிற்காலத்தில் 'ஹையர் ஸ்கூல் சர்டிபிகேட்', அதாவது எச்.எஸ்.சி., அதன் நுழைவுச்சீட்டு ஆனது.

விதியில் 'தமிழன் வரக்கூடாது' என்று எங்கும் எழுதவில்லை. 'தோட்டத்துப் பிள்ளை வரக்கூடாது' என்றும் எழுதவில்லை. ஆறு வயதில் எந்தப் பள்ளியில் சேர்ந்தாய் என்பதே பதினெட்டு வயதில் வாசல் திறக்குமா என்பதை முடிவு செய்தது. பெற்றோருக்கு அது அந்த ஆறு வயதில் தெரியவேண்டும். பிரிக்பீல்ட்ஸ் குமாஸ்தாவுக்குத் தெரிந்தது. கிள்ளான் வெட்டுக்காரருக்குச் சொல்ல ஆளில்லை. தெரிந்திருந்தாலும் வசதி இல்லை.

தமிழ் நுழைந்தது, தமிழ்ப்பள்ளிப் பிள்ளை?

நம் துறைக்காரர்கள் பெருமையோடு சொல்லும் ஒரு பகுதி இது. 1950-களில் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கவேண்டும் என்ற பேச்சு வந்தது. அதில் எந்த மொழி முதன்மை? ஆலோசனை சொல்ல வந்த வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தின் பக்கம் நின்றார். இங்குள்ள இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர், ஆகவே தமிழ்தான் முதன்மையாக இருக்கவேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பெரிய மனிதர்கள் மட்டுமல்ல, தோட்டத்து மக்களும் தங்களால் முடிந்த சிறு தொகையைக் கொடுத்தார்கள்.

தமிழ் வென்றது. 1956-இல் சிங்கப்பூரில் இந்தியவியல் துறை தொடங்கியது. 1959-இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரண்டு பிரிவானபோது துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1962 ஜனவரி 1 முதல் மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமானது. 1961 முதல் 1969 வரை தனிநாயகம் அடிகளார் இந்தியவியல் துறையில் பணியாற்றினார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உலகத் தமிழறிஞர்கள் நம் ஊருக்கு வந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். தமிழுக்குப் பல்கலைக்கழகத்தில் நாற்காலி கிடைத்துவிட்டது. அந்த நாற்காலிக்குக் காசு கொடுத்த வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை அங்கே போய்த் தமிழ் படிக்க முடியுமா? முடியாது. தமிழ் படிப்பதற்கும் ஆங்கிலத்தில் எச்.எஸ்.சி. தேறவேண்டும். மொழி உள்ளே போனது. அந்த மொழியில் படித்த பிள்ளை வெளியே நின்றது.

இதை நான் யாரையும் குறைசொல்ல எழுதவில்லை. சாரங்கபாணி செய்தது பெரிய காரியம். ஆனால் பாடத்துக்கு இடம் வாங்குவது வேறு, பிள்ளைக்கு இடம் வாங்குவது வேறு. அன்று லட்டுப் பை முன்னால் நான் கற்றுக்கொண்ட பாடமும் அதேதான்.

ஒரு வருடம் கூடுதல்

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் கல்விக் கொள்கைகள் வரிசையாக வந்தன. 1956-இல் ரசாக் அறிக்கை, 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961-இல் கல்விச் சட்டம். தமிழ்ப்பள்ளிகள் தொடக்கநிலையில் தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தன. ஆனால் அரசாங்க இடைநிலைப்பள்ளி ஆங்கிலத்தில் அல்லது மலாயில்தான். தமிழ்வழி இடைநிலைக்கல்வி வேரூன்றவே இல்லை.

1964 வரை இடைநிலைப்பள்ளிக்குப் போக நுழைவுத்தேர்வு இருந்தது. அதில் தோற்ற பிள்ளையின் படிப்பு பன்னிரண்டு வயதில் முடிந்தது. அந்தத் தேர்வை எடுத்தபிறகுதான் தோட்டப்பள்ளிப் பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குள் காலடி வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு பாலமாகப் புகுமுக வகுப்பு வந்தது. 'ரிமூவ் கிளாஸ்' என்று நாம் சொல்வது. மொழியைப் பிடித்துக்கொள்ள ஒரு வருடம்.

அந்த ஒரு வருடத்தைப் பற்றி உங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிலருக்கு அது உண்மையிலேயே கைகொடுத்தது. சிலருக்கு 'நீ மற்றவர்களைவிட ஒரு வருடம் பின்னால்' என்ற முத்திரையாகத் தங்கிவிட்டது. புகுமுக வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் போகும் பாதை மற்றவர்களுடையதைவிட ஒரு வருடம் நீளம் என்பது மட்டும் நிச்சயம்.

பூட்டு மாறியது

1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பு மலாய்மொழிக்கு மாறத் தொடங்கியது. ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்பு மேலே. அந்த அலை 1982-இல் ஆறாம் படிவத்தை எட்டியது. 1983-இல் பல்கலைக்கழக முதலாண்டை எட்டியது. தேர்வுகளின் பெயரும் மாறியது. எம்.சி.இ. போய் 1980 முதல் எஸ்.பி.எம். வந்தது. எச்.எஸ்.சி. போய் 1982 முதல் எஸ்.டி.பி.எம். வந்தது. 1970-இலேயே மலாயைப் பயிற்றுமொழியாகக் கொண்டு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது. பாங்கிக்குப் போகுமுன் அது இயங்கிய இடமும் பந்தாய்தான், பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த பக்கம்.

நூறு வருடமாக ஆங்கிலச் சாவி செய்து வைத்திருந்த குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸில் இருந்தன. அந்தச் சாவி இப்போது பொருந்தவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலச் சாவி ஏற்கெனவே கிடையாது. இப்போது மலாய்ச் சாவி வேண்டும். ஒருவகையில் இரண்டு பேரும் ஒரே வரிசைக்கு வந்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் வசதி உள்ளவருக்கு வேறு வழி இருந்தது: இந்தியா, இங்கிலாந்து, பின்னாளில் தனியார் கல்லூரி. வசதி இல்லாதவருக்கு அரசாங்கப் பல்கலைக்கழகம் மட்டும்தான். அதனால் மலாய்மொழிக் கிரெடிட் யாருக்கு அதிகமாகத் தேவைப்பட்டதோ, அவருக்குத்தான் அது எட்டாத உயரமாகவும் இருந்தது.

எண்ணிக்கையின் காலம்

மொழியோடு நிற்கவில்லை. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு நாட்டின் கொள்கைகளே மாறின. மலாயாப் பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கையை ஆராய்ந்த மஜிட் இஸ்மாயில் குழு 1971-இல் அறிக்கை தந்தது. மாணவர் சேர்க்கை நாட்டின் இன அமைப்பைப் பிரதிபலிக்கவேண்டும் என்றது. அதே ஆண்டு கூட்டரசு அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. எம்.சி.இ.-க்குப் பிந்தைய கல்வியில், தகுதியுள்ளவர்களைவிட இடங்கள் குறைவாக இருந்தால், மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் இடம் ஒதுக்க அது வழிசெய்தது.

இதற்குப் பின் வாசலுக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, நீ தகுதி பெற்றாயா? இரண்டு, உனக்கான பங்கில் இடம் மீதம் இருக்கிறதா? முதல் கேள்விக்குப் படித்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு மாணவனால் பதில் சொல்ல முடியாது. "நல்ல மார்க் வாங்கியும் கிடைக்கல" என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சின் வேர் இங்கேதான். மறுபக்கத்தையும் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். காலனி ஆட்சி கிராமத்து மலாய்ப் பிள்ளையையும் ஆங்கில வாசலுக்கு வெளியேதான் வைத்திருந்தது. அதைச் சரிசெய்யும் நோக்கத்தில் வந்த கொள்கை இது. தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளையும் அதே வெளியில்தான் நின்றது என்பதை அந்தக் கொள்கை கணக்கில் எடுத்ததா என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வி.

2002-இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கோட்டா முறைக்குப் பதிலாகத் தகுதி அடிப்படை, அதாவது 'மெரிட்டோகிரசி', அறிவிக்கப்பட்டது. ஆனால் உள்ளே போகப் பாதை ஒன்றல்ல. ஒன்று எஸ்.டி.பி.எம்.: ஒன்றரை வருடம், 2012 முதல் மூன்று பருவங்களாக. இன்னொன்று மெட்ரிகுலேஷன்: பெரும்பாலோருக்கு ஒரு வருடத்தில் முடியும். இரண்டு வெவ்வேறு தேர்வை ஒரே தராசில் வைப்பது நியாயமா என்ற விவாதம் இருபது வருடத்துக்கு மேலாகியும் ஓயவில்லை.

மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. 2018-இல் அது 2,200 ஆக உயர்த்தப்பட்டது. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆக்கப்பட்டன. 90:10 விகிதம் அப்படியே இருந்தது. 2024-இல் எஸ்.பி.எம்.-இல் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அறிவித்தார். பிறகு 'ஏ மைனஸ்' அந்தக் கணக்கில் சேருமா என்பதே பெரிய பேச்சானது. பாருங்கள், மறுபடியும் ஒரு சின்னக் கோடு. என் மாணவிக்கு டி-யும் சி-யும். இவர்களுக்கு ஏ-யும் ஏ மைனஸும்.

தமிழ்ப்பாடம் தடையா?

"தமிழ விட்டுட்டா அந்த நேரத்துல வேற பாடம் படிக்கலாமே டீச்சர்?" இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழாசிரியர் இடைநிலைப்பள்ளியில் உண்டா? தமிழ் கட்டாயப் பாடம் இல்லை. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது சட்டம். பல பள்ளிகளில் அந்த வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகுதான். பஸ் போய்விடும், பசி வந்துவிடும். அப்படியும் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளை நாம் அறிவோம்.

2009-இல் இந்தக் கேள்வி வேறு வடிவில் வந்தது. 2010 முதல் எஸ்.பி.எம்.-இல் பத்துப் பாடம் மட்டுமே எடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அறிவியல் பிரிவு மாணவன் பத்துக்குள் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் எங்கே வைப்பான்? ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பெற்றோர், அமைப்புகள் எல்லாரும் குரல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பன்னிரண்டு பாடம் வரை எடுக்கலாம் என்று அமைச்சரவை இறங்கி வந்தது. இன்று நம் வகுப்பில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர் இருப்பதற்கு அந்தக் குரலும் ஒரு காரணம்.

இதில் எனக்குத் தெரிந்த பதிலை நேராகச் சொல்கிறேன். தமிழ் எடுப்பது பல்கலைக்கழகத்துக்குத் தடை இல்லை. எஸ்.டி.பி.எம்.-இலும் தமிழ்மொழி ஒரு பாடம்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையோடு, மொழி, மொழியியல் புலத்தில் தமிழும் உண்டு. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க்கல்வி படிக்கலாம். ஆனால் தமிழில் ஏ மட்டும் வைத்துக்கொண்டு இந்த வாசல்களில் ஒன்றும் திறக்காது. தமிழ் படிக்கப் போவதற்கும் மலாய்மொழிக் கிரெடிட் வேண்டும். அன்று ஆங்கிலம், இன்று மலாய். தமிழுக்குள் போகும் வழி இன்னொரு மொழி வழியாகத்தான். இது நமக்குக் கசக்கலாம். மாணவர்களிடம் மறைத்தால் அது அவர்களுக்குத்தான் நட்டம்.

இன்றைய பூட்டு

இப்போது நான்காம் படிவத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியவேண்டும்? பொதுவானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எஸ்.பி.எம்.-இல் மலாய்மொழி கிரெடிட், அதாவது சி அல்லது மேல். வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சியும் 2013 முதல் சான்றிதழுக்கே கட்டாயம்.

இரண்டாவது, எஸ்.டி.பி.எம். வழியாகப் போனால் மொத்தப் புள்ளி குறைந்தது 2.00. பொதுப்பாடம், அதாவது 'பெங்காஜியான் ஆம்', குறைந்தது சி. அதோடு இன்னும் இரண்டு பாடங்களில் சி. இது வாசலில் நிற்பதற்கான குறைந்தபட்சம் மட்டும். பலர் கேட்கும் துறைகளுக்கு இதைவிட எவ்வளவோ அதிகம் வேண்டும்.

மூன்றாவது, 'மூவெட்' எனும் ஆங்கிலத் தேர்வு. 1999-இல் அறிமுகமானது. எந்தத் துறைக்கு எந்த நிலை வேண்டும் என்பது வேறுபடும்.

நான்காவது, பலரும் கவனிக்காத 10 விழுக்காடு. பட்டப்படிப்புக்கான மெரிட் புள்ளியில் 90 தேர்வுக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு, பொறுப்புகள், போட்டிகள் எல்லாம் அதில் வரும். பள்ளி முடிந்ததும் கடையில் வேலைக்கு ஓடுகிற பிள்ளை இதைத்தான் முதலில் விடுகிறது. நம் தமிழ்மொழிக் கழகத்தின் செயலாளர் பதவியும் இந்தக் கணக்கில் சேரும். கழகக் கூட்டத்தை ஒழுங்காகப் பதிவு செய்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஐந்தாவது, விண்ணப்பம். யுபியு வழியாக, கெடுவுக்குள், துறைகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கவேண்டும். வரிசையைத் தப்பாகப் போட்டு வேண்டாத துறை கிடைத்த பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு துறைக்கும் சிறப்புத் தகுதி தனி. அது ஆண்டுதோறும் மாறலாம். போன வருடம் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது இந்த வருடம் செல்லாது. அந்தந்த ஆண்டு அதிகாரப்பூர்வ விவரத்தைத்தான் பார்க்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியது

கோட்டாவை நாம் மாற்ற முடியாது. அதற்குப் பேச வேண்டியவர்கள் பேசட்டும், நாமும் குடிமக்களாகப் பேசலாம். ஆனால் முதல் கேள்விக்கான பதில் நம் கைக்குள் இருக்கிறது. நூறு வருடமாக நம்மவர்கள் பூட்டு மாறியதைக் கடைசியாகத் தெரிந்துகொண்டார்கள். இடைநிலைப்பள்ளியில் அந்தப் பிள்ளையின் மொழியில், அந்தப் பிள்ளையின் அப்பாவின் மொழியில் பேசக்கூடிய ஒரே ஆசிரியர் பல இடங்களில் தமிழாசிரியர்தான். செய்தியை முன்னதாகக் கொண்டுபோக நம்மைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். நான்காம் படிவம் தொடங்கியதும் என் வகுப்பு மாணவர்களிடம் எல்லாப் பாட மதிப்பெண்ணையும் வாங்கி ஒரு நோட்டில் எழுதுகிறேன். மலாய்மொழி சி-க்குக் கீழே இருந்தால் சிவப்பு. சிவப்பு போட்ட பிள்ளைக்காக மலாய்மொழி ஆசிரியரிடம் போய் நானே பேசுகிறேன். அந்த ஆசிரியர்கள் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் 'பாஸ்' வேறு, 'கிரெடிட்' வேறு என்று தமிழில், கரும்பலகையில் பெரிதாக எழுதி விளக்குகிறேன்.

இந்த வரலாற்றையே வகுப்பிலும் பயன்படுத்தலாம். மூன்று வழிகள்:

ஒன்று, நேர்காணல். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எத்தனையாம் வகுப்புவரை படித்தார்கள், ஏன் நின்றார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். மூன்று தலைமுறையின் வாசல்கள் ஒரு பக்கத்தில் வந்துவிடும்.

இரண்டு, வாதக் கட்டுரை. 'பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு மதிப்பெண் மட்டுமே போதுமா?' இரு பக்கத்தையும் எழுதவேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

மூன்று, விளக்கக் கட்டுரை. ஏதாவது ஒரு பட்டப்படிப்புக்கான இந்த ஆண்டுத் தகுதியைத் தேடி, தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெற்றோருக்குப் புரியும்படி எழுதச் சொல்லுங்கள். அதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டி அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து வாங்கி வரவேண்டும். மொழிப்பயிற்சியும் ஆச்சு, செய்தியும் வீட்டுக்குப் போச்சு.

அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். லிட்டில் இந்தியாவில், ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே மலாய்மொழித் தாளை மறுபடி எழுதினாள். இந்தமுறை சி பிளஸ். ஒரு வருடம் போய்விட்டது. அந்தக் காலத்தில் புகுமுக வகுப்புக்குப் போன அதே ஒரு வருடம். இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறாள், நான்கு பாடங்களில் ஒன்று தமிழ். போன மாதம் அவள் அப்பா போன் செய்தார். "டீச்சர், மூவெட்டுல எவ்வளவு எடுக்கணும்?" என்று கேட்டார்.

கேள்வி இந்தமுறை தேர்வுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. எனக்கு அது போதும்.